தண்டச்சோறுக்கு நன்றி

பூங்கோதையின் காதுக்குள் ஒரு நாளைக்குப் பத்திருபது தடவையாவது தண்டச்சோறுக்கு நன்றி சொல்லப்படும். சொல்வது ஆள் இல்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்திருக்கும் கடுகளவு கருவி. அதற்குச் செவிவழி என்று பெயர். கண் தெரியாதவர்களுக்கு அது சுவரைச் சுவராகவும் படியைப் படியாகவும் உடம்புக்குள்ளேயே உணர்த்திவிடும். சுவர் நெருங்கினால் அந்தப் பக்கத்துத் தோள் கனக்கும். படி வரப்போகிறது என்றால் பாதம் முன்கூட்டியே தூக்கிக்கொள்ளும். அதெல்லாம் முடிந்த பிறகு, வேலையை முடித்துக் கோப்பை மூடுகிற குமாஸ்தாவின் குரலில், "பாதை தந்த தண்டச்சோறுக்கு நன்றி" என்று ஒரு வரி வரும்.

இலக்கணப்படி தண்டச்சோற்றுக்கு என்றுதான் சொல்ல வேண்டும். கருவிக்கு அது தெரியாமல் இல்லை. அது வழி பார்ப்பது பொதுப்படம் என்ற தெரு வரைபடத்தில்; அந்தப் படத்தின் உரிமம் அப்படி. படம் தந்தவரின் பெயரை ஓர் எழுத்துகூட மாறாமல் சொல்ல வேண்டும் என்பது அதன் முதல் விதி. வேற்றுமை உருபு வந்து ஒட்டினாலும் பெயர் அசையக் கூடாது. இலக்கணம் எழுதிய நம் முன்னோர்கள் இருந்திருந்தால் வழக்குப் போட்டிருப்பார்கள்.

வழக்கு ஏற்கெனவே ஒன்று நடந்து முடிந்திருந்தது. ஊர் ஊராக ஜனங்கள் நடந்து நடந்து வரைந்து, எல்லோருக்கும் சும்மா கொடுத்ததுதான் பொதுப்படம். அதில் சேரும்போது ஆளாளுக்கு விளையாட்டாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அது திரையின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் கிடக்கும். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். பிறகு பெரிய கம்பெனிகள் புகுந்து, பெயர்களை உரித்துப் போட்டுவிட்டு, தங்கள் பெயரை ஒட்டிப் படத்தை விற்கத் தொடங்கின. வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. கடைசியில், படத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் தந்தவர் பெயர் கண்ணிலோ காதிலோ பட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து காலேஜ் பையன்கள் குறும்புக்கு வைத்த பெயர்களையெல்லாம் ஊரே பயபக்தியோடு கேட்க வேண்டியதாயிற்று. ஈரோட்டில் ரயில் நிலையப் பக்கம் போனால் ஓசிக்காப்பிக்கு நன்றி. மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் குண்டுபல்புக்கு நன்றி. காவிரிக்கரையை ஒட்டிய சந்துகள் முழுக்க ஒரே ஆள்தான். தண்டச்சோறு.

பூங்கோதை பிசியோதெரபிஸ்ட். நரம்பில் வந்த ஒரு வியாதி முப்பது வயதில் அவள் பார்வையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. இப்போது நாற்பத்தி ஒன்று. வீடு வீடாகப் போய், வாதம் வந்த கைகளையும் முட்டி பிசகிய கால்களையும் மறுபடி வேலை செய்ய வைப்பது அவள் பிழைப்பு. வாசல் தாண்ட முடியாதவர்கள்தான் அவளுடைய நோயாளிகள். அவர்களில் பாதிப் பேர் ஆற்றோரச் சந்துகளில் இருந்தார்கள்.

மற்றவர்கள் வரைந்த தெருக்கள் வெறும் தெருக்களாக இருக்கும். தண்டச்சோறின் சந்துகளில் ஒரு மனிதன் கூடவே நடந்து வருவான். 'மழை பெய்தால் வலதுபக்கம் வழுக்கும்.' 'இந்த வீட்டுச் சன்னல் வெளியே திறக்கும், தலை பத்திரம்.' 'நாய் குரைக்கும், கடிக்காது.' செவிவழி என்று ஒன்று வரும் என்று எவரும் கனவுகூடக் காணாத காலத்தில் அவன் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறான். யாரை நினைத்து எழுதினானோ தெரியாது. தன்னை நினைத்துத்தான் என்று பூங்கோதை வைத்துக்கொண்டாள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு நாள் காலை ஜீனத் போன் செய்தாள். ஜீனத் வக்கீல், ஊர்ப் பொதுப்படச் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான்.

"அக்கா, ஒரு சிக்கலுங்க. தண்டச்சோறை எடுத்துறச் சொல்லி மனு வந்திருக்குது."

"எடுக்கறதுன்னா? பேரையா?"

"பேரை மட்டும் தனியா எடுக்க முடியாதேக்கா. பேர் போகோணும்னா படமும் சேர்ந்து போகோணும். படம் கொடுத்தவங்க திருப்பிக் கேட்டா கொடுத்துத்தான் ஆகோணும். அவங்க இல்லீன்னா வாரிசு கேக்கலாம்."

"வாரிசா?"

"அந்தப் பையன் உசுரோட இல்லீங்க்கா. காமாலைல போயிட்டானாம். வருசக்கணக்கா ஆயிப்போச்சு. அவங்கப்பாதான் கையெழுத்துப் போட்டிருக்கறாரு."

பூங்கோதை அந்தப் பையனைப் பார்த்ததில்லை, பேசியதில்லை, நிஜப் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் தினமும் கூட வந்த ஆள் செத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது என்றால் துக்கமாகத்தானே இருக்கும்.

"பேரை வேணா மாத்திக்கச் சொல்லலாமே, ஜீனத்?"

"அவரும் அதைத்தான் மொதல்ல கேட்டாரு. மாத்த உட்டம்னா நாளைக்கே கம்பெனிக்காரன் வந்து, இந்தாளும் பேரை மாத்திக்கிட்டாரு, அந்தாளும் மாத்திக்கிட்டாருன்னு எல்லாத்தையும் அவன் பேருக்கு எழுதிக்குவான். பேர் வழக்குல செயிச்சதே அதுக்குத்தானே? வெச்ச பேரு வெச்சதுதான்."

"சரி, படத்தை எடுக்கட்டும். நாம புதுசா அளந்து போட்டுக்கலாம்."

"அளக்கலாம். ஆனா பழைய படத்தைப் பார்க்காத ஆளு அளக்கோணும். பார்த்த ஆளு அளந்தா அதுவும் இதோட வழிநூல்தான்னு கோர்ட்டு சொல்லும். நம்ம ஊர்ல பார்க்காத ஆளு எங்க இருக்கறான்?"

ஒரு படத்தை வைத்து இன்னொன்று செய்தால் அது வழிநூல். உரிமத்தைத் தமிழில் பெயர்த்தவர் யாரோ இலக்கணம் படித்தவராக இருக்க வேண்டும். பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்துப் போட்டுவிட்டார். செவிவழி ஒரு வழிநூல். ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் சந்துப்படம் ஒரு வழிநூல். காவிரியில் தண்ணீர் ஏறினால் எந்த வீட்டை முதலில் காலி செய்ய வேண்டும் என்று காட்டும் வெள்ளப்படம், அந்தச் சந்துப்படத்தின் வழிநூல். மூலம் போனால் இத்தனையும் வரிசையாகப் போகும்.

"அப்ப என் காலு?" என்றாள் பூங்கோதை. "ஒம்பது வருசமா அந்தப் படத்துலதான நடக்குது? அதுவும் வழிநூல்தான்."

"உங்க காலை யாரும் அழிக்கச் சொல்ல மாட்டாங்க்கா."

"காலை உட்டுட்டு வழியை அழிச்சா காலை வெச்சுட்டு நான் என்ன பண்றது? அவங்கப்பா ஊடு எங்க இருக்குதுன்னு சொல்லு. நான் போய்ப் பேசறேன்."

"சண்டை மட்டும் போட்றாதீங்க்கா."

"நான் எதுக்கு ஜீனத் சண்டை போடறேன்? அந்த ஊட்டுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கறேன்."

வீடு ஆற்றோரச் சந்துகளில் ஒன்றின் நடுவில் இருந்தது. ஆட்டோக்காரர் கோயில் பக்கமாக வந்து வாசலிலேயே இறக்கிவிட்டார். கதவைத் திறந்தவர் குரலில் வயது தெரிந்தது. சென்னியப்பன் என்று பெயர் சொன்னார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சங்கத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்து முதலில் விறைப்பாகத்தான் இருந்தார். கண் தெரியாத பெண் என்று கண்டதும் அவசர அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மனுவைத் திருப்பி வாங்கச் சொல்லித்தானுங்க அம்மிணி வந்திருக்கறீங்க?"

"ஆமாங்கய்யா. அதோட இன்னொண்ணும் இருக்குதுங்க. நன்றி சொல்லோணும்."

"அதுதான் அந்த மிசினு சொல்லுதே, போற வார எடத்துலயெல்லாம்."

"மிசினு சட்டத்துக்காகச் சொல்லுதுங்க. நான் எனக்காகச் சொல்ல வந்தேன்."

அவளே சொல்லத் தொடங்கினாள். பார்வை போன பிறகு இரண்டு வருஷம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. செவிவழியைப் பதித்த பிறகும் பயம் போகவில்லை. முதல் தடவை தனியாக நடந்தது இந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில்தான். எங்கிருந்தோ ஒரு நாய் பாய்ந்து வந்து குரைத்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. அப்போது காதுக்குள் நிதானமாக, 'நாய் குரைக்கும், கடிக்காது' என்றது.

"நடுச்சந்துல நின்னு சிரிச்சுட்டேனுங்க. கண்ணு போனதுக்கு அப்புறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தான். அதுக்கு அடுத்தாப்புலதான் சொல்லுச்சு, தண்டச்சோறுக்கு நன்றின்னு. அன்னிக்கிருந்து உங்க பையன் கையைப் புடிச்சுட்டுத்தான் நடக்கறேன்."

சென்னியப்பன் செருமினார். பிறகு கோபம்போலத்தான் பேச ஆரம்பித்தார்.

"அந்தப் பேரை வெச்சது யாருங்கறீங்க? நாந்தான். நானும் ஊரைச் சுத்தினவந்தானுங்க. நான் சுத்துனதுக்குச் சர்க்காரு சம்பளம் கொடுத்துச்சு. இவன் சைக்கிள்ல சுத்துனதுக்குச் சோறு நான் போட்டேன். என்னடா பண்றேன்னா, படம் போடறேம்பான். எவன்டா காசு கொடுப்பான்னா, காசெல்லாம் இல்லீங்கப்பா, எல்லாருக்கும் பொதுவும்பான். தட்டுல சோத்தைப் போடறப்பெல்லாம் தண்டச்சோறு தண்டச்சோறுன்னுதான் போட்டேன். அதையே பேரா வெச்சிருக்கறான்னு எனக்கு எங்கீங்க தெரியும்? அவன் போனதுக்கப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு ஆட்டோல ஏறினேன். கோயில் முக்குல திரும்பையில டிரைவரு போன் சொல்லுது, தண்டச்சோறுக்கு நன்றின்னு. டிரைவரு சிரிக்கறான். எவன்டா இந்தப் பேரை வெச்சிருப்பான்னு எங்கிட்டயே கேக்கறான்."

"அய்யா…"

"அறவாழின்னு பேரு வெச்சேனுங்க. எவ்வளவு நல்ல பேரு! அந்தப் பேரைச் சொல்லச் சொல்லுங்க, மனுவை இப்பவே கிழிச்சுப் போட்டர்றேன்."

அறவாழி. பூங்கோதை அந்தப் பெயரை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெயரை ஏன் மாற்ற முடியாது என்று ஜீனத் சொன்னதை அவளும் சொன்னாள். அதை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்; மறுபடி கேட்டதில் ஆறுதல் எதுவும் கிடைத்துவிடவில்லை.

"எனக்கு அது திட்டுங்கறதே மறந்துபோச்சுங்கய்யா," என்றாள். "தண்டச்சோறுன்னா படி எங்க இருக்குதுன்னு தெரிஞ்ச ஆளு, அவ்வளவுதான்."

"உங்களுக்குச் சரிங்கம்மிணி. எனக்கு? நான் திட்டுனது மூலைக்கு மூலை கேக்குது. அவன் பேரு ஒரு எடத்துலயும் கேக்கறதில்லை."

பொய்யாக ஏதாவது சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்தான். அவள் எழுந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். அடுத்த நோயாளி வீடு ஆற்றுப் பக்கம், நடந்தே போய்விடலாம். வந்த வழியை விட்டு எதிர்ப்பக்கம் திரும்பினாள். 'நேராக' என்றது செவிவழி. தோளில் கனமில்லை, பாதத்தில் உந்துதல் இல்லை. தாராளமாக நடந்தாள்.

"அம்மிணி! நில்லுங்க! நில்லுங்க!"

பின்னாலிருந்து ஓடிவந்து சென்னியப்பன் அவள் மேல்கையைப் பிடித்து இழுத்தார். அந்த இழுப்பில் இருவருமே சுவரில் மோதிக்கொண்டார்கள். ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது. செருப்பு தட்டிவிட்ட கல் ஒன்று எங்கோ கீழே போய்த் தண்ணீரில் விழுந்தது.

"சாக்கடைக் குழாய் போடறேன்னு ஆளு ஒசரத்துக்குத் தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டானுங்க. ஒரு கயிறுகூடக் கட்டலை. படுபாவிங்க."

அந்த நேரம் பார்த்து, 'பாதை தந்த தண்டச்சோறுக்கு நன்றி' என்றது செவிவழி. நடுக்கத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"அவன் சொன்ன வழில வந்து உழுகப் பார்த்தீங்களே!" என்றார் சென்னியப்பன். அவர் குரல்தான் அவளுடையதைவிட அதிகமாக நடுங்கியது.

"அவர் இருக்கையில இந்தக் குழி இல்லீங்களே."

"இப்ப இருக்குதே! அதை யாரு சொல்றது?"

"யாரு வேணும்னாலும் சொல்லலாங்க. படத்துல இந்த எடத்தைத் தொட்டு, குழின்னு சொன்னாப் போதும். எல்லாருக்கும் போயிரும்."

"நான் சொன்னாலுமா?"

"நீங்க சொன்னாலுந்தானுங்க."

அவர் போனை எடுத்தார். பொதுப்படத்தை எப்படித் திறப்பது என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். இடம் வந்துவிட்டது என்றார். புதிதாகச் சேர்கிறவர் ஒரு பெயர் தர வேண்டும் என்று அது கேட்கிறது என்றார். கண்ணாடி எங்கே என்று சட்டைப்பையைத் தடவினார்.

பூங்கோதை சுவரில் சாய்ந்து நின்றாள். அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தக் குழியை அவர் சேர்த்தால் அதுவும் ஒரு வழிநூல். வழிநூல் செய்தவர் மூலத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. அந்த நொடியிலேயே உரிமத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவார், மனு தானாகச் செத்துப்போகும். அவள் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பொய் சொன்னதாகக்கூட ஆகாது. அவள் வழி பிழைக்கும், ஆம்புலன்ஸ் பிழைக்கும், வெள்ளப்படம் பிழைக்கும். ஜீனத் பிரியாணியே போடுவாள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனிடம் தெரியாமல் வாங்கின சம்மதத்தில் எத்தனை நாளைக்கு நிம்மதியாக நடக்க முடியும்? இப்போதுதான் கையைப் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறார்.

"அய்யா, கொஞ்சம் பொறுங்க," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க இதைப் போட்டீங்கன்னா மனு செல்லாதுங்க. அந்தப் பேரும் அப்படியேதான் இருக்கும். யோசிச்சுக்குங்க."

போனை அவர் சட்டைப்பைக்குள் போடுவது கேட்டது.

"இதை நீங்க சொல்லாமயே உட்டிருக்கலாமுங்களே?"

"உட்டிருக்கலாமுங்க."

"நல்லாப் பொழைச்சீங்க போங்க," என்றார். திட்டினாரா மெச்சினாரா என்று அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்துக் குழியைச் சுற்றி நடத்திக்கொண்டு போய், ஆற்றுத் தெருவில் விட்டார். "பார்த்துப் போங்கம்மிணி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டார்.

ஜீனத் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை மூடிட்டு நின்னிருக்கலாமேக்கா! ஒரே ஒரு நிமிசம்!"

"நின்னேனே. முடியலை."

ஆற்றோரத்து நோயாளிகளிடம் பூங்கோதை விஷயத்தை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினாள். இனிமேல் வர முடியாமல் போகலாம், வேறு ஆள் பார்த்து வையுங்கள் என்றாள். அவளால்தான் மறுபடி கை தூக்க முடிகிற ஒரு அம்மாள், நானே பையனை அனுப்பி உன்னைக் கூட்டிவரச் சொல்கிறேன் என்று அழுதாள். யாராவது கூட்டிப்போகவும் கொண்டுவிடவும் காத்திருந்த அந்த இரண்டு வருஷம் பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. கோபம் வரவில்லை. ஒன்பது வருஷம் ஒருவன் சும்மா கொடுத்ததில் நடந்தாயிற்று. அதற்கு மேல் கேட்க அவளுக்கு என்ன உரிமை என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் அந்தச் சந்துகளில் போகும்போதெல்லாம் நடை தானாக மெதுவானது. ஒவ்வொரு நன்றியையும் கடைசித் தடவைபோல நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

மனு விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாள், ஆற்றுப் பக்கமிருந்து அதே சந்துக்குள் நுழைந்தாள். குழி ஞாபகம் இருந்ததால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். குழிக்குப் பத்தடி முன்னால் பாதம் தானாக நின்றது. தோள் கனத்தது.

'முன்னால் குழி. ஆள் உயரம். இடதுபக்கமாக ஒதுங்கி வரவும். அவசரம் வேண்டாம்.'

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உரிமத்தில் மூலம் தந்தவர் பெயர்தான் முதலில் வரும். வழிநூல் செய்தவர் பெயர் அதற்குப் பின்னால்.

'பாதை தந்த தண்டச்சோறுக்கு நன்றி,' என்றது குமாஸ்தாக் குரல். ஒரு கணம் இடைவெளி விட்டது. 'குழி காட்டிய தண்டச்சோறு சென்னியப்பனுக்கு நன்றி.'

நம் ஊரில் அப்பன் பெயரைத்தான் பிள்ளை தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் சேரும் அன்றைக்கு ஒட்டிக்கொள்ளும் அந்தத் தலைப்பெழுத்து சாகும்வரை கூட வரும். இங்கே அப்பன் பிள்ளையின் பெயரை எடுத்துத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். இனி ஓர் எழுத்துகூட மாறாது.

பூங்கோதைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. யாராவது பார்க்கிறார்களா என்று அவளுக்குத் தெரியாது, பார்த்தால் பார்க்கட்டும். "நன்றிங்கய்யா," என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அவர் சொன்னபடியே இடதுபக்கம் ஒதுங்கி, அவசரப்படாமல் நடந்தாள்.